வத்தாளையும் உருளைக்கிழங்கும்: ஒரு ஸ்பானியச் சொல்லின் வரலாறு

அரசர்களின் வெற்றியைக் கல்வெட்டுகள் கூறும். வணிகர்களின் செல்வத்தைக் கணக்கேடுகள் கூறும். நிலத்தைக் கிண்டி விதைத்து உண்டு மறைந்த எளிய மக்களின் வரலாற்றைக் கூறுவதற்கோ பெரும்பாலும் கல்வெட்டும் இல்லை, ஏடும் இல்லை. அவர்கள் பயிரிட்ட பொருளுக்கு அவர்கள் இட்ட பெயர் ஒன்றே சில வேளைகளில் எஞ்சி நிற்கிறது. அப்பெயரை வென்றவன் தன் நாவில் ஏற்றிக்கொண்டு கடல் கடந்து செல்கிறான். பெயரிட்டவன் அழிந்த பின்னரும் பெயர் வாழ்கிறது. ஸ்பெயின் தேசத்தில் உருளைக்கிழங்கைக் குறிக்க வழங்கும் பத்தாத்தா என்னுஞ் சொல் அத்தகைய ஒரு சாசனமாகும்.

இச்சொல்லைத் தமிழில் எழுதும்போது ஓர் இடர்ப்பாடு உண்டு. ஸ்பானிய மொழியில் பத்தாத்தா என எழுதத்தக்க சொற்கள் இரண்டு உள்ளன. ஒன்றன் முதலெழுத்து ‘பாக்கி’ என்னும் திசைச்சொல்லின் முதலெழுத்தைப்போல மெலிந்து ஒலிக்கும். அது தமிழ்நாட்டார் சர்க்கரைவள்ளி என்றும் யாழ்ப்பாணத்தார் வத்தாளை என்றும் கூறும் இனிப்புக் கிழங்கைக் குறிப்பது. மற்றொன்றன் முதலெழுத்து ‘பாலம்’ என்பதன் முதலெழுத்தைப்போல வலிந்து ஒலிக்கும். அதுவே உருளைக்கிழங்கைக் குறிப்பது. இவ்விரண்டோடு பாப்பா என்னும் மூன்றாவது சொல்லொன்றும் உண்டு. அதுவும் உருளைக்கிழங்கின் பெயரே. தமிழிற் குழந்தையைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கேட்போர் மயங்காதிருக்கும் பொருட்டு, இனிப்புக் கிழங்கின் பெயரைத் தீவுச் சொல் என்றும், பாப்பா என்பதை மலைச் சொல் என்றும், உருளைக்கிழங்குக்கு ஸ்பெயினில் வழங்கும் பெயரைக் கலப்புச் சொல் என்றும் வைத்துக்கொள்வோம். இப்பெயர்களுக்கான காரணம் பின்னர் விளங்கும்.

முதலிற் பயிர்களை நோக்குவோம். பெயரால் நெருங்கியிருக்கும் இவ்விரு கிழங்குகளும் பிறப்பால் மிகத் தூரத்தவை. வத்தாளை நிலத்திற் படரும் கொடி; வள்ளைக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது. அதில் உணவாவது பருத்த வேர். உருளைக்கிழங்கோ கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் குடும்பத்தது. அதில் உணவாவது வேரன்று. நிலத்துக்குட் பருத்த தண்டின் பகுதியாகும். ஒன்று வெப்பமான தாழ்நிலத்தை விரும்பும். மற்றது குளிர்ந்த மலைநிலத்தை விரும்பும். இவ்வாறு எவ்வகையிலும் ஒவ்வாத இரண்டு பயிர்களுக்கு ஏறக்குறைய ஒரே பெயர் அமைந்தது எங்ஙனம்? இதற்கு விடை தாவர நூலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

1492ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி கொலம்பசு அமெரிக்கத் தீவொன்றில் இறங்கினார். அத்தீவுகளிலும் கியூபாவிலும், இன்று ஹெயிட்டி, தொமினிக்கன் குடியரசு என்னும் நாடுகள் அமைந்துள்ள பெருந்தீவிலும் தயீனோ என்னும் மக்கள் வாழ்ந்தனர். மண்ணைக் குவித்து மேடுகளாக்கி அம்மேடுகளிற் கிழங்குகளை நட்டு உண்பது அவர்களின் வழக்கம். அவ்வாண்டு நவம்பரிற் கியூபாவிற் கண்ட கிழங்குகளைப் பற்றிக் கொலம்பசு தம் நாட்குறிப்பில் எழுதியபோது, அவற்றுக்கு அந்நாட்டார் இட்ட பெயரை அறியார். ஆதலால், ஆபிரிக்கக் கரையிலே தாம் முன்னர் அறிந்திருந்த வேறொரு கிழங்கின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினார். சுவை ஐரோப்பாவின் செஸ்நட்டுக் கொட்டையின் சுவையை ஒத்தது எனவுங் குறித்தார். புதியதொன்றைக் காண்பவன் தான் முன்பு அறிந்த பெயரையே அதற்கு இடுகிறான். இம்மயக்கம் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழக் காண்கிறோம்.

பின்னர் அத்தீவுகளிற் குடியேறிய ஸ்பானியர் மக்களின் வாய்மொழியைக் கேட்டறிந்தனர். இனிப்புக் கிழங்கின் தீவுச் சொல் அவர்களின் மொழியிற் புகுந்தது. அத்தீவுகளில் நெடுங்காலம் வாழ்ந்த ஒவியேதோ என்னும் வரலாற்றாசிரியர், 1526இலும் 1535இலும் வெளியிட்ட நூல்களில் அங்குள்ள பயிர்களை விரிவாக வருணித்தார். இக்கிழங்கைத் தாமே கப்பலிற் கொண்டுசென்று ஸ்பெயினிலுள்ள நகரொன்றிற் சேர்த்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். ஸ்பெயினின் தென்கரையிலுள்ள மாலகாப் பகுதியில் இக்கிழங்கு செழித்து வளர்ந்தது. இனிப்பின் காரணமாகச் செல்வர் வீட்டு விருந்துகளில் அதற்கு விரைவில் இடங் கிடைத்தது.

கிழங்கு இவ்வாறு புகழ்பெற்ற அந்தக் காலத்திலேயே, அதற்குப் பெயரிட்ட மக்கள் அழிந்துகொண்டிருந்தனர். பொற்சுரங்கங்களிலும் பண்ணைகளிலும் கட்டாய வேலை, பஞ்சம், படையெடுப்பு ஆகியவற்றால் நலிந்த தயீனோ மக்களை 1518இல் தொடங்கிய பெரியம்மை நோய் மேலும் வாட்டியது. கொலம்பசு வந்து அரை நூற்றாண்டு கழிவதற்குள் பெருந்தீவில் அவர்களின் தொகை சில நூறாகக் குறைந்தது. இக்கொடுமைகளைக் கண்ணாரக் கண்ட லாஸ் காசாஸ் என்னும் துறவி, 1552இல் ஒரு நூல் வெளியிட்டுத் தம் நாட்டாரையே குற்றஞ் சாட்டினார். தயீனோக்களின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் அத்தீவுகளில் இன்றும் உளர். எனினும் அவர்களின் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் எவரும் இல்லை. அம்மொழியிலிருந்து எஞ்சியவை சில சொற்களே. சோளத்தின் பெயர், தோணியின் பெயர், தூங்குமஞ்சத்தின் பெயர், சூறாவளியின் பெயர், புகையிலையின் பெயர் என்று அவை ஐரோப்பிய மொழிகளிற் பரவின. இனிப்புக் கிழங்கின் பெயரும் அவற்றுள் ஒன்று.

இனி, மலைச் சொல்லின் கதையைக் காண்போம். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரில், தித்திக்காக்கா ஏரியை அடுத்த உயர்நிலத்தில் உருளைக்கிழங்கு பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டு வந்தது. சோளம் விளையாத குளிர்ந்த உயரத்தில் அதுவே மக்களின் உயிர்நாடி. இன்கா பேரரசின் மொழியாகிய கெச்சுவாவில் அதன் பெயர் பாப்பா. அம்மக்கள் அதனை நெடுங்காலம் கெடாது காக்கவும் அறிந்திருந்தனர். இரவிற் கிழங்கைப் பனியிற் பரப்பி உறையவிட்டு, பகலிற் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்துவர். இவ்வாறு பல நாட் செய்து பெறும் உலர்ந்த கிழங்குக்குச் சூஞோ என்பது பெயர். அது ஆண்டுக்கணக்கிற் கெடாதிருக்கும்.

1532இல் ஸ்பானியர் இன்கா மன்னனைச் சிறைப்பிடித்தனர். அந்நாட்டைக் கால்நடையாகவும் குதிரையிலும் சுற்றிவந்த சியெசா தெ லெயோன் என்னும் வீரர், 1553இல் வெளியிட்ட நூலிற் பாப்பாவையும் சூஞோவையும் வருணித்தார். சூஞோவைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கங்களுக்குக் கொண்டுசென்று விற்றே சில ஸ்பானியர் பெருஞ்செல்வராயினர் என்பதையும் அவர் எழுதியுள்ளார். 1545இற் கண்டறியப்பட்ட அச்சுரங்கங்களில் உழைத்துச் சோர்ந்தோர் மலைநாட்டு மக்களே. அவர்களின் முன்னோர் கண்ட உணவு, அவர்களை வேலைவாங்கி வெள்ளி அகழ்வதற்கு உதவியது. ஐரோப்பாவின் பெருஞ்செல்வத்துக்குப் பின்னால் ஓர் உலர்ந்த கிழங்கு நின்றது என்பதை வரலாற்று மாணவர் மறத்தல் ஆகாது.

மலைநாட்டார் தம் பயிரைப் பற்றித் தாமே விட்டுச்சென்ற சான்றும் ஒன்று உண்டு. குவாமன் போமா என்னும் பழங்குடி அறிஞர் ஏறக்குறைய 1615ஆம் ஆண்டில் ஸ்பானிய மன்னனுக்கு விண்ணப்பமாக ஒரு பெருநூல் எழுதி முடித்தார். ஏறத்தாழ 1,200 பக்கங்களும் 400 சித்திரங்களும் கொண்டது அது. ஆண் காற்கலப்பையால் நிலத்தைக் கிண்டுவதும் பெண்கள் உடன் உழைப்பதுமாகக் கிழங்கு நடுகையையும் அறுவடையையும் அவர் வரைந்துள்ளார். அவ்விண்ணப்பம் மன்னனின் கருத்தைக் கவர்ந்ததாகத் தெரியவில்லை. நூல் எவ்வாறோ டென்மார்க்கு நாட்டின் அரச நூலகத்தை அடைந்து, 1908ஆம் ஆண்டில்தான் அறிஞரின் கண்ணிற் பட்டது. முறையீடு மூன்று நூற்றாண்டு உறங்கிக் கிடக்க, அதில் வரையப்பட்ட கிழங்கு மாத்திரம் உலகெங்குஞ் சென்றுவிட்டது.

உருளைக்கிழங்கு 1567இற் கனேரித் தீவுகளிலிருந்து அன்ற்வேர்ப்பு நகருக்குக் கப்பலேற்றப்பட்டதாகப் பதிவு உண்டு. 1573இற் செவில் நகர மருத்துவமனையொன்றின் கணக்கேட்டில் அது விலைக்கு வாங்கப்பட்ட பொருளாகக் காணப்படுகிறது. ஸ்பெயினில் அப்போது இனிப்புக் கிழங்கு நன்கு அறிமுகமான பண்டம். உருளைக்கிழங்கோ புதிய வரவு. இரண்டும் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவை. இரண்டும் மண்ணுக்குள் விளைபவை. சந்தையில் நின்றவனுக்கு வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை. தீவுச் சொல்லின் உடலோடு மலைச் சொல்லின் வல்லொலித் தலை ஒட்டிக்கொண்டது. இவ்வாறு பிறந்ததே கலப்புச் சொல் என்பது மொழிநூலார் கருத்து. தயீனோ மக்களும் கெச்சுவா மக்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் அவர்களின் சொற்கள் ஸ்பெயின் தேசத்துச் சந்தையிற் கலந்து ஒன்றாயின.

மலைச் சொல்லைக் கைவிட்டதற்கு வேறொரு காரணமும் கூறுவார் உளர். ஸ்பானிய மொழியிற் பாப்பா என்பது உரோமாபுரியிலுள்ள திருத்தந்தையையும் குறிக்கும். தமிழிற் பாப்பரசர் என வழங்குவதும் அவ்வழியில் வந்த சொல்லே. புனிதமான பெயரை மண்ணிற் கிடக்குங் கிழங்குக்கு வழங்க அஞ்சியே ஸ்பானியர் அதனை மாற்றினர் என்பது அவர்கள் வாதம். இது கேட்பதற்கு இனிமையான விளக்கம். ஆயினும் ஏற்பதற்கு அரிது. கனேரித் தீவினரும் தென் ஸ்பெயினிற் பெரும்பாலாரும் அமெரிக்க நாட்டு ஸ்பானியரும் கத்தோலிக்கரே. அவர்கள் யாவரும் இன்றளவும் உருளைக்கிழங்கைப் பாப்பா என்றே கூறுகின்றனர். அங்கெல்லாம் திருத்தந்தையின் பெயருக்கு முன்னே ஆண்பாற் சுட்டும், கிழங்கின் பெயருக்கு முன்னே பெண்பாற் சுட்டும் நின்று பொருளை வேறுபடுத்திவிடும். உப்புநீரில் அவித்துத் தோல் சுருங்கிய கிழங்கு கனேரித் தீவுகளின் புகழ்பெற்ற உணவு. அதன் பெயரிலும் மலைச் சொல்லே நிற்கிறது.

ஸ்பானிய உலகம் இன்று இச்சொற்களால் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது எனலாம். ஸ்பெயினின் பெரும்பகுதியிற் கலப்புச் சொல் உருளைக்கிழங்கைக் குறிக்கும். மெக்சிக்கோவிலும் பெருவிலும் உருளைக்கிழங்கு பாப்பா. இனிப்புக் கிழங்குக்கோ மெக்சிக்கோவின் பழைய மொழியிலிருந்து வந்த கமோத்தே என்னும் பெயர் வழங்குகிறது. ஸ்பானியக் கப்பல்கள் அப்பெயரைப் பசிபிக் பெருங்கடலைத் தாண்டிப் பிலிப்பைன் தீவுகளுக்குக் கொண்டுசென்றன. அங்கும் அது நிலைத்துவிட்டது. ஆர்ஜன்றீனாவில் தீவுச் சொல் தன் முதற்பொருளில் இனிப்புக் கிழங்கையே குறிக்கிறது.

பேச்சுவழக்கில் இச்சொற்கள் பெற்ற பொருள்களும் சுவையானவை. ஸ்பெயினில் ஒரு பொருள் தரங்குறைந்தது என்பதற்கு அது வெறும் உருளைக்கிழங்கு என்பர். எவருங் கையேற்க விரும்பாத சிக்கலைச் சூடான உருளைக்கிழங்கு என்பர். நிழற்படம் பிடிக்கும்போது முகம் மலர்வதற்காகச் சொல்லப்படுஞ் சொல்லும் உருளைக்கிழங்கே. ஒன்றும் விளங்கவில்லை என்பதற்குப் பாப்பா அளவுகூட விளங்கவில்லை என்பர். ஆர்ஜன்றீனாவிலோ எளிதான காரியத்தைப் பாப்பா என்பர். ஏழைக்கு உணவாகும் பொருளை இழிவாகவும் எளிதாகவுங் கருதும் உலக இயல்பு இவ்வழக்குகளிற் புலனாகிறது.

ஸ்பெயினிற் பிறந்த மயக்கம் ஐரோப்பா முழுவதிலும் பரவியது. ஆங்கிலத்திற் பொற்றேற்றோ என்னுஞ் சொல் முதலிற் குறித்தது இனிப்புக் கிழங்கையே. 1597இல் ஜெராட் என்னும் ஆங்கில மூலிகை நூலார், இனிப்புக் கிழங்கை அப்பெயரால் அழைத்து, உருளைக்கிழங்கை வேர்ஜீனியா நாட்டுப் பொற்றேற்றோ என்றார். வேர்ஜீனியாவில் அக்காலத்தில் உருளைக்கிழங்கு விளைந்ததே இல்லை. பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் அதனை மண்ணில் விளையும் ஆப்பிள் என்னும் பொருள்பட அழைத்தனர். இத்தாலியர் நிலத்துக்கடியில் வளரும் ஒருவகைக் காளானின் பெயரை அதற்கு இட, அதுவே திரிந்து ஜேர்மன் மொழியிற் கார்த்தொஃபெல் ஆயிற்று. எவரும் பயிரிட்டவனைக் கேட்கவில்லை.

பயிரிட்டவனைக் கேளாததால் இழந்தது பெயர் மாத்திரமன்று. அந்தீசு மலையில் வாழும் உழவர் உருளைக்கிழங்கை ஒரே பொருளாக நோக்குவதில்லை. நிறம், வடிவம், சுவை, பனியைத் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றால் வகைபிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இட்டுள்ளனர். பூமா என்னும் விலங்கின் பாதத்தை ஒத்த வடிவுடைய கிழங்குக்கு அவ்விலங்கின் பாதமே பெயர். முண்டும் முடிச்சுமாகத் தோல் உரிப்பதற்கு மிகக் கடினமான மற்றொன்றுக்கு ‘மருமகளை அழவைப்பது’ என்று பெயர். புதிதாக வந்த மருமகளின் கைத்திறனை மாமியார் அதனைக்கொண்டு சோதிப்பாராம். குடும்ப வாழ்க்கை எந்நாட்டிலும் ஒன்றே போலும்! இத்தகைய 4,000க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றிற் பலவற்றை ஒரே தோட்டத்திற் கலந்து நடுவர். நோயோ பனியோ ஒரு வகையை அழித்தாலும் மற்றொரு வகை தப்பி உணவளிக்கும்.

ஐரோப்பாவுக்குச் சென்றவை மிகச் சில வகைகளே. அவற்றுக்குக் கிடைத்த பொதுப்பெயரும் ஒன்றே. அயர்லாந்தின் ஏழை உழவர் லம்பர் எனப்பட்ட ஒரே வகையைப் பெரிதும் நம்பி வாழ்ந்தனர். கிழங்கிலிருந்தே மறு கிழங்கை நடுவதால் எல்லாச் செடிகளும் ஒரே இயல்பின. 1845இல் ஒரு பூஞ்சணம் போன்ற நோய் பரவியபோது தடுத்து நிற்பதற்கு வேறு வகை இல்லை. வயல்கள் அழுகி நாறின. பெரும் பஞ்சம் 1852 வரை நீடித்தது. ஏறக்குறைய 80 இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் நாட்டைவிட்டு அகன்றனர். நிலவுடைமை முறையும் ஆட்சியாளரின் அசட்டையும் அத்துன்பத்தைப் பெருக்கின என்பது உண்மை. ஆயினும் பலவகைப் பயிரையும் அவற்றின் பெயர்களையும் காத்துவந்த மலைநாட்டு உழவனின் அறிவு, கிழங்கோடு கூடக் கப்பலேறவில்லை என்பதும் உண்மையே. அவ்வறிவின் அருமை பிற்காலத்தில் உணரப்பட்டது. 1971இற் பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவிற் பன்னாட்டு உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, மலைநாட்டு வகைகள் திரட்டிப் பேணப்படுகின்றன.

இலங்கைக்கும் இவ்வரலாற்றுக்கும் நேரான தொடர்பு உண்டு. தீவுச் சொல் ஸ்பானியரிடமிருந்து போர்த்துக்கேயருக்குச் சென்றது. 1505இல் இலங்கைக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் வழியாகவே அது இத்தீவை அடைந்தது. சிங்களத்திற் பத்தல என்பது அதன் திரிபு. யாழ்ப்பாணத்தில் வத்தாளை என்றும் வற்றாளை என்றும் வழங்குவதும் அவ்வழியில் வந்ததே எனக் கொள்வது பொருந்தும். இவ்விரண்டும் இனிப்புக் கிழங்கையே குறிக்கின்றன. பம்பாய்ப் பகுதியிலோ அதே சொல் உருளைக்கிழங்கைக் குறிக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? போர்த்துக்கேய மொழியில் அச்சொல் முதலில் இனிப்புக் கிழங்கைக் குறித்து, பின்னர் உருளைக்கிழங்குக்கு மாறியது. இலங்கையிற் போர்த்துக்கேயர் ஆட்சி 1658இல் முடிந்தது. அதனால் இங்கே பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. இந்தியாவின் மேற்குக் கரையிற் கோவா 1961 வரை அவர்கள் வசம் இருந்தது. அங்கே புதிய பொருளும் சென்று சேர்ந்தது. ஆட்சி நீங்கிய காலத்தை ஒரு கிழங்கின் பெயர் காட்டிக்கொடுக்கிறது.

சிங்களத்தில் உருளைக்கிழங்குக்கு வழங்கும் அர்தாப்பல் என்னும் பெயர், போர்த்துக்கேயருக்குப் பின் 1796 வரை இங்கு ஆண்ட ஒல்லாந்தரின் சொல்லாகும். ஆகவே அம்மொழியில் ஒரு கிழங்கு போர்த்துக்கேயரையும் மற்றொரு கிழங்கு ஒல்லாந்தரையும் நினைவூட்டி நிற்கிறது. தமிழ் மொழியோ உருளைக்கிழங்குக்கு அதன் வடிவை நோக்கித் தானே பெயர் சூட்டிக்கொண்டது. கொய்யாவும் பப்பாசியும் அமெரிக்கத் தீவு மக்களின் சொற்களே. அவையும் ஐரோப்பியர் வாய்வழி வந்து தமிழாயின.

மலைச் சொல்லுக்கு உரிய மக்கள் அழியவில்லை. கெச்சுவா மொழியைப் பல இலட்சம் மக்கள் இன்றும் பேசுகின்றனர். பெரு அரசு 1975இல் அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. பாப்பா என்னுஞ் சொல்லைத் தாயிடமிருந்து கற்கும் குழந்தைகள் அங்கே உளர். தீவுச் சொல்லுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அதனைத் தாய்மொழியாகச் சொல்லிக் கொடுக்கத் தயீனோத் தாய் எவளும் இல்லை. எனினும் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்தில் ஒருவர் வத்தாளைக் கொடியை நட்டு, அயலாரிடம் அப்பெயரைக் கூறுகின்றபோது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடலின் தீவுகளில் மண்மேடு கட்டிக் கிழங்கு நட்ட மக்களின் சொல் ஒன்று மறுபடியும் ஒலிக்கிறது. அம்மக்களுக்கு உலகஞ் செய்யத்தக்க கைம்மாறு பெரிதாக ஒன்றும் இல்லை. அச்சொல் எவருடையது என்பதை அறிந்து சொல்வதேனும் வரலாறு கற்பவரின் கடமையாகும்.